அத்தையைக் கூட்டிவரப் போன அரைநாள்

சன்னலோரம் நீங்களே உட்காந்துக்கங்க அக்கா, எனக்கு எங்க உட்காந்தாலும் ஒண்ணுதான். பிள்ளை காலு உங்க சேலையில படுதா? பட்டா நகத்திவிடுங்க, முழிக்க மாட்டான். காலையிலேருந்து ஆடின ஆட்டத்துக்கு இப்பத்தான் கண்ணசந்திருக்கான். ருத்ரேஷ்னு பேரு. அவங்கப்பா செல்போன்ல தேடி வச்ச பேரு. எங்க அத்தைக்கு அது வாயில நுழையாது, 'ருத்து'ன்னுதான் கூப்பிடும்.

நீங்க எது வரைக்கும்? கோபால்பட்டியா! அட, நானும் அங்க எறங்கித்தான் உள்ள போகணும். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போகலாம். காலையிலேருந்து வாயை மூடி வச்சிருந்ததுல தாடையே வலிக்குதுக்கா.

நான் ஏறின எடத்தைப் பாத்தீங்கல்ல? வெள்ளை வளைவு, ரெண்டு பக்கமும் மூங்கிலு. மோனச்சுனை யோகா தியான மையம். சிரிக்காதீங்க, நான் ஒண்ணும் யோகா படிக்கப் போகல. எங்க மாமியாரைக் கூட்டியாரப் போனேன். எங்கேன்னு பின்னாடி திரும்பித் தேடாதீங்க. அது வரல. அதைத்தான் சொல்ல வரேன்.

வர்ற திங்கக்கிழமை நான் வேலைக்குச் சேரணும்க்கா. சாணார்பட்டிக்கிட்ட ஒரு தையல் கம்பெனி. கல்யாணத்துக்கு முந்தியே பவர் மெஷின் ஓட்டுனவ நான். சட்டைக்குக் காலர் வைக்கிறதுல என்னைய மிஞ்ச ஆள் கிடையாதுன்னு மாஸ்டரே சொல்லுவாரு. கம்பெனி வேன் ஊருக்குள்ளயே வருது. 'திங்கக்கிழமை வந்தா வா, இல்லேன்னா வேற ஆளு ரெடியா நிக்குது'ன்னு சூப்பர்வைசர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. பிள்ளை பொறந்ததுலேருந்து வீட்டுக்குள்ளயே கெடக்கேன். நாலு செவுத்தைப் பாத்துக்கிட்டே எவ்வளவு நாள் இருக்க முடியும், சொல்லுங்க. மனுசியாப் பொறந்தவ நாலு பேரைப் பாக்கணும், பேசணும், சிரிக்கணும். ஒரு பொழுதாவது பாலு, சோறு, பீத்துணின்னு இல்லாம இருக்கணும்ல? இல்லேன்னா பைத்தியம் புடிச்சிரும்க்கா.

அத்தை இருக்கேன்னுதான் நானும் தைரியமாச் சரின்னு சொன்னேன். அத்தைக்கிட்டக் கேட்டியாவா? அதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? பேரன்தானே.

எங்க அத்தை நாகரத்தினம் மாதிரி ஒரு உழைப்பாளியை நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க. விடியுமுன்ன எந்திரிச்சு வாசத் தெளிச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டி, பாலைப் பீய்ச்சி சொசைட்டிக்கு ஊத்திட்டு, சோறு வடிச்சு வச்சிட்டு, நூறுநாள் வேலைக்குப் போயி மண்ணு சுமந்துட்டு வந்து, துணியை அலசி, பிள்ளையைக் குளிப்பாட்டி... எனக்குச் சொல்றப்பவே மூச்சு வாங்குது. பகல்ல அது கண்ணு மூடி நான் பாத்ததே இல்ல. அவ்வளவு சுறுசுறுப்பா வச்சிருந்தோம்க்கா நாங்க.

அப்படி இருந்த மனுசியை இந்த மையத்துக்காரங்க வந்து கெடுத்துட்டாங்க. ஆடி மாசம் கம்மாயில வேலை நடக்கையில ஒரு வெள்ளை வேன் வந்து நின்னுச்சாம். கிராமத்துப் பொம்பளைகளுக்கு இலவச முகாமாம். மூணு நாளு தங்கலாம், சோறும் அவங்களே போடுவாங்களாம். முதுகுவலி போறதுக்குக் குனிஞ்சு தரையைத் தொடச் சொல்லிக் குடுப்பாங்களாம். நாத்து நடுற பொம்பளைகளுக்குக் குனியச் சொல்லிக் குடுக்க வேன் வச்சு வந்திருக்காங்க பாருங்க! அதைச் சொல்லிச் சொல்லி அன்னைக்கு நான் சிரிச்சேன். சரி, ஓசிதானேன்னு அனுப்பியும் வச்சேன்.

மூணாம் நாளு சாயந்தரம் வேன் வந்துச்சு. ஒவ்வொருத்தரா எறங்குனாங்க. எல்லார் கையிலயும் ஒரு துணிப்பை, பைக்குள்ள ஒரு சோப்பு. எங்க அத்தை மட்டும் எறங்கல. மேலத்தெரு பேச்சியம்மாதான் சொல்லுச்சு, "நாகு இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வருமாம்டி கோகிலா."

"எதுக்காம்?"

"தூங்கணுமாம்."

சொல்லிட்டு என்னைய மேலுக்கும் கீழுக்கும் பாத்து ஒரு சிரிப்பு வேற. அந்தப் பேச்சியம்மாளுக்கு எப்பவுமே எங்க குடும்பத்து மேல ஒரு கண்ணு.

அதாச்சு இருவது நாளு. தூங்குறதுக்கு மலையடிவாரம் வரைக்கும் போகணுமாக்கா? எங்க வீட்டுல கட்டில் இல்லையா? சரி, கட்டில்ல அவரு படுத்திருப்பாரு. பாய் இல்லையா?

அவருன்னா எங்க வீட்டுக்காரரு அழகுராசா. லோடு ஆட்டோ வச்சிருக்காரு. சந்தை அன்னைக்கும் முகூர்த்த நாளுலயும் ஓடும். மத்த நாளு வீட்டுலதான் இருப்பாரு, எப்ப வாடகை வரும்னு தெரியாதுல்ல, உடம்பைத் தயாரா வச்சிருக்கணும்ல. "நீயே போயிக் கூட்டியா கோகிலா, நான் கெளம்புன நேரம் பாத்து எவனாவது வண்டிக்கு வந்துட்டான்னா?"ன்னு படுத்தமேனிக்குச் சொன்னாரு. பாவம், அந்தக் கவலை அவருக்கு.

சும்மா போகலக்கா நான். நெத்திலிக் கருவாடு வாங்கி, கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வச்சு, சோறும் குழம்புமாத் தூக்குவாளியில எடுத்துக்கிட்டுப் போனேன். கருவாடுன்னா அத்தைக்கு உசுரு. கல்யாணமாகி வந்ததுலேருந்து அத்தைக்குன்னு நான் சமைச்சது இதான் மொதத் தடவை. அப்படிப் பாசமாத்தான் போனேன்.

கேட்டுல வெள்ளைச் சுடிதார் போட்ட ஒரு பிள்ளை நின்னுச்சு. வாயில வெரலை வச்சு, பேயைக் கண்டது மாதிரி குசுகுசுன்னு பேசுது. "அக்கா, மதியம் மணி அடிக்கிற வரைக்கும் மௌனம். உள்ள இருக்கவங்களைப் பாக்கணும்னா நீங்களும் வகுப்புல உட்காரணும். மணி அடிச்சதும் பேசலாம்."

"பிள்ளை இருக்கேம்மா, அழுவானே?"

"குழந்தைங்க இயல்பாவே தியானத்துலதான் இருப்பாங்கக்கா."

என் பிள்ளையைப் பத்தித் தெரியாமப் பேசுது. சரி, ஆகட்டும்னு உள்ள போனேன். பேரை எழுதிக்கிட்டாங்க, செருப்பை வாங்கிக்கிட்டாங்க, போனை வாங்கிக்கிட்டாங்க. தூக்குவாளியை வாங்கினப்ப மட்டும் அந்தப் பிள்ளை மூக்கு சுருங்குச்சு. ஆனா மௌனமாச்சே, ஒண்ணும் சொல்ல முடியல! வாளியைக் கையை நீட்டித் தூரமாப் புடிச்சுக்கிட்டுப் போயி, ஹால் வாசல்ல இருந்த வெள்ளைத் தாமரைப் பூப் பாத்திரத்துக்குப் பக்கத்துல வச்சுச்சு.

பெரிய ஹால்க்கா. பளிங்குத் தரை. கார்ல வந்த ஆளுகளா உட்காந்திருக்காங்க. கீழ உட்காரத் தெரியல அவங்களுக்கு. ஒருத்தர் சுவரைப் புடிச்சு உட்காருறாரு, ஒரு அம்மா மூணு தலையணையை அடுக்கி அது மேல ஏறி உட்காருது. சம்மணம் போட ஆறு பேரு கைத்தாங்கலாச் சொல்லிக் குடுக்குறாங்க. என் பிள்ளைக்கு அது ஆறு மாசத்துல வந்துச்சு.

அத்தை முன்வரிசையில இருந்துச்சு. எனக்கு அடையாளமே தெரியல. வெள்ளைச் சேலை! புருசன் போனப்பக் கூட வெள்ளை கட்ட மாட்டேன்னு சண்டை புடிச்ச மனுசி அது, அக்கா. கழுத்துல ஒரு அட்டை தொங்குது, 'நான் மௌனத்தில் இருக்கிறேன்'னு எழுதி. "அத்தை"ன்னேன். திரும்பிப் பாத்துச்சு, சிரிச்சுச்சு, அட்டையைத் தொட்டுக் காட்டிட்டுத் திரும்பிக்கிச்சு. ஊருக்கே கேக்குற மாதிரிப் பேசுற மனுசி.

அப்புறம் ஆனந்திமான்னு ஒருத்தங்க வந்தாங்க. அவங்கதான் டீச்சரு. நம்ம ஒரு உலைச் சோறு வடிக்கிற நேரத்துல அவங்க ஒரு வார்த்தையைத்தான் பேசி முடிக்கிறாங்க. அவ்வளவு இழுவை. "மூ...ச்சைக் கவ...னியுங்கள்." என் மூச்சுல கவனிக்க என்னக்கா இருக்கு? அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போகுது. அடுப்புல பாலு இருந்தாக் கவனிக்கலாம். "எண்ணங்கள் வந்தால் வரட்டும், போனால் போகட்டும்." எனக்கு வந்த எண்ணம் திங்கக்கிழமை வேன். அது வந்துச்சு, போகவே இல்ல, அங்கயே நின்னு ஹாரன் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"நீங்கள் தினமும் சுமக்கும் பாரம் எதுவோ, அதை இப்போது மெல்ல இறக்கி வையுங்கள்"னாங்க. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டாங்க. டீச்சர் சொல்லியாச்சுல்ல, நான் பிள்ளையை எறக்கி விட்டேன்.

இப்பத்தான் தத்தி நடக்கப் பழகுறான். வழவழன்னு தரை, வரிசையா அசையாத ஆளுக, விடுவானா? ஒரு மொட்டைத்தலைக்காரரு தலையில தபேலா வாசிச்சான். மூணு தலையணை அம்மாவோட கண்ணாடியை உருவினான். அந்த அம்மா கண்ணை மூடினமேனிக்கே காத்தைத் துழாவுது! நான் கூப்பிட முடியாதுல்ல, மௌனம். "ஸ்ஸ்... ஸ்ஸ்"ங்குறேன். ஆனந்திமா அதையும் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, "வெளியே கேட்கும் ஒலிகளோடு போராடாதீர்கள்"ங்குறாங்க. போராடட்டும்னு நான் ஏதாவது சொன்னேனா?

இதுக்கு நடுவுல காத்து வாசல் பக்கம் திரும்பிருச்சுக்கா. சாம்பிராணி வாசத்தையெல்லாம் ஓரங்கட்டிட்டு என் நெத்திலிக் குழம்பு உள்ள வந்துச்சு பாருங்க! மூச்சைக் கவனிங்கன்னு வேற சொல்லி வச்சிருக்காங்க, எல்லாரும் ஆழமா இழுத்து விட்டுக்கிட்டு இருக்காங்க. அப்படியே முகம் முகமா மாறுது. எனக்குப் பக்கத்துல ஒரு திண்டுக்கல் டாக்டரம்மா, ஒத்தைக் கண்ணைத் தொறந்து, வாயசைச்சுக் கேக்குது, "நெத்திலியா?" நான் தலையாட்டினேன். எச்சிலை முழுங்கிட்டு மறுபடி தியானத்துக்குப் போயிருச்சு.

கடைசியா எல்லாரையும் மல்லாக்கப் படுக்கச் சொன்னாங்க. சவாசனமாம். சவம் மாதிரிக் கெடக்கணுமாம். எனக்குச் சுருக்குன்னுச்சு. பச்சைப் பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு சவம் மாதிரிப் படுக்கவா? நான் மாட்டேன்னு உட்காந்தே இருந்தேன். அதனாலதான் அதைப் பாத்தேன்.

எங்க அத்தை படுத்த மறு நிமிசம் குறட்டை விட்டுச்சு. சாதாக் குறட்டை இல்ல, ஹாலே அதிருது. எந்திரிங்கன்னு டீச்சர் சொல்லி எல்லாரும் எந்திரிச்சாச்சு, அத்தை எந்திரிக்கல. ஆனந்திமா எழுப்பவும் இல்ல. ஒரு போர்வையை எடுத்து மூடிவிட்டுட்டு மத்தவங்களுக்குப் பாடம் எடுக்குறாங்க. இவன் தத்தித் தத்திப் போயி அத்தை வயித்து மேல ஏறிப் படுத்துட்டான். அத்தை கண்ணே தொறக்கலக்கா. கை மட்டும் தானா எந்திரிச்சு வந்து இவன் முதுகுல தட்டுது. குறட்டையும் நிக்கல, தட்டுறதும் நிக்கல.

பாருங்க, தூக்கத்துலயும் பிள்ளை வளக்குற மனுசி! இப்படிப்பட்ட ஆளைக் கொண்டாந்து இங்க வீணடிக்கிறாங்களேன்னு இருந்துச்சு.

மணி அடிச்சுச்சு. அடிச்சதுதான் தாமசம், நான் ஆனந்திமாகிட்டப் போயிட்டேன். "என்னம்மா குடுக்குறீங்க எங்க அத்தைக்கு? கசாயம் கிசாயம் ஏதாவது கலக்கிக் குடுக்குறீங்களா? பகல்ல தூங்காத மனுசி இது"ன்னேன்.

"ஒண்ணும் குடுக்கல கோகிலவாணி. வந்த நாள்லேருந்து தூங்கிக்கிட்டேதான் இருக்காங்க. நாங்க எழுப்புறது இல்ல."

"வேலை ஏதாவது?"

"சேவை செய்ய விருப்பம் இருந்தாச் செய்யலாம்னு சொன்னோம். விருப்பம் இல்லன்னு சொல்லிட்டாங்க."

கேட்டீங்களா அநியாயத்தை! ஒரு வேலையும் குடுக்குறது இல்ல. வயசான உடம்பை இப்படி உட்கார வச்சே வச்சிருந்தா அது என்னத்துக்கு ஆகும்? வீட்டுலன்னா மாடு இருக்கு, பிள்ளை இருக்கு, உடம்பு ஓட்டத்துல இருக்கும். இவங்களுக்கு என்ன, நாளைக்குக் கைகால் வெளங்காமப் போனா நம்மதானே பாக்கணும்.

அத்தை முழிச்சு உட்காந்திருந்துச்சு. முகம் உப்பினாப்புல, நல்லாப் பளபளன்னு இருக்கு. அதுவும் எனக்குச் சரியாப் படல. கழுத்து அட்டையைக் கழட்டி மடியில வச்சிருந்துச்சு. நான் பக்கத்துல உட்காந்து, "அத்தை, கெளம்புங்க. துணிமணி எந்த ரூம்புல இருக்கு? நான் கட்டுறேன். திங்கக்கிழமை எனக்கு வேலை. வேன் ஊருக்குள்ளயே வருது"ன்னேன்.

அத்தை பிள்ளை வாயைத் தொறந்து பாத்துச்சு. "மேல் பல்லும் வந்துருச்சா என் ருத்துக்கு!" அப்புறம் என்னையப் பாத்துச்சு. "போ தாயி. நல்லாப் போ. வேலையை விட்டுராத. வீட்டுக்குள்ளயே கெடந்தா அம்புட்டுத்தான்."

"அதான் அத்தை. அப்ப நீங்க வாங்க."

"நான் எதுக்கு?"

"எதுக்கா? பிள்ளையை யாரு பாப்பா?"

"அவனைப் பெத்தவன் வீட்டுலதான படுத்திருக்கான்."

பாத்தீங்களாக்கா! பெத்த மகனைப் பத்தி ஒரு தாய் பேசுற பேச்சா இது? ஆம்பளையப் பிடிச்சுப் பிள்ளை பாக்கச் சொல்லுது! ஒரு நாளும் இப்படி ஒரு நெனப்பு அது மனசுல வந்தது இல்ல. அவரு குடிச்ச டம்ளரைக் கூட அவரு எடுத்து வைக்க விடாம வளத்த மனுசி. இதெல்லாம் இவங்க உள்ள ஏத்துறதுதான்க்கா. மூச்சு, மூச்சுன்னு சொல்லியே எதையோ ஏத்திடுறாங்க.

நானும் விடல. மாடு ரெண்டு நாளாச் சரியாத் தண்ணி குடிக்கலன்னேன். பாலைப் பீய்ச்ச விட மாட்டேங்குது, உதைக்குதுன்னேன். ஊருல நாலு விதமாப் பேசுறாங்கன்னேன். உங்க மகன் இளைச்சுப் போயிட்டாருன்னேன். அதுக்கு மட்டும் "அப்படியா?"ன்னு கேட்டுச்சு. கேட்டுட்டு, ஆனந்திமா பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒத்தை வெரலைத் தூக்குச்சு.

"அம்மா, இந்தப் பேசாம இருக்குறது இருக்குல்ல. இது இன்னும் ஒரு வாரத்துக்குக் கெடைக்குமா?"

"தாராளமா நாகரத்தினம்மா."

அவ்வளவுதான். அட்டையை எடுத்துத் தானே கழுத்துல மாட்டிக்கிச்சு. நான் பேசுறேன், பேசுறேன், அது சிரிச்ச முகமா என்னையவே பாத்துக்கிட்டு இருக்கு. கருவாட்டுக் குழம்பை மட்டும் தூக்குவாளியோட வாங்கிக்கிட்டு, மரத்தடியில உட்காந்து, அந்த டாக்டரம்மாவுக்கும் ரெண்டு கரண்டி ஊத்திச் சாப்பிட்டுச்சு. வாளியை வழிச்சு நக்குச்சுன்னு வச்சுக்கங்க. நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை? மௌனம்!

கேட் வாசல் வரைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. பஸ்சைக் கண்டதும் என் இடுப்புல வச்சுட்டு, அவன் உள்ளங்காலை ஒரு தடவை அமுக்கிப் பாத்துச்சு. திரும்பிப் போயிருச்சு. அந்த நடையைப் பாக்கணுமே நீங்க. அவசரமே இல்ல. கையை வீசிக்கிட்டு, மூங்கிலைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டுப் போகுது.

இருங்கக்கா, அவருதான் கூப்பிடுறாரு. இவனைக் கொஞ்சம் உங்க மடியில போட்டுக்கங்க. ம், தலையைத் தாங்கிப் புடிங்க.

ஏங்க, சொல்லுங்க... இல்லங்க, வரல... வரல... வந்து சொல்றேன்... சாப்பிடலையா? ஏங்க, அடுப்பு மேலதான் இருக்கு. நீல மூடி... மூடியைத் தொறந்தீங்களா? தொறந்து பாருங்க... உள்ளதான் சோறு... குழம்பு அதுக்குப் பக்கத்துல... சரி, நீங்க எடுக்க வேணாம், நான் வந்து போட்டுத் தரேன். வாடகை எதுவும் வந்துச்சா? சரி, படுங்க.

பாவம்க்கா, காலையிலேருந்து பட்டினி. இவரை நம்பிப் பிள்ளையை விடச் சொல்லுது எங்க அத்தை.

ஆனா வேலைக்கு நான் போகத்தான் போறேன், அதுல மாத்தமே இல்ல. ஏதாவது வழி பண்ணணும். எங்கம்மா தம்பி பிள்ளைகளைப் பாக்குது. பக்கத்து வீட்டுல கேக்கலாம்னா அது பேச்சியம்மாளோட தங்கச்சி.

உங்க வீட்டுல யாரு யாருக்கா இருக்கீங்க? மகனும் மருமகளும் திருப்பூர்லயா? அப்ப வீட்டுல நீங்க மட்டும்தானா? ஐயோ, தனியா எப்படிக்கா பொழுது போகுது? கோபால்பட்டியில எந்தப் பக்கம்? ஸ்கூலுக்குப் பின்னாலயா! அட, எங்க கம்பெனி வேன் அந்த ரோட்டு வழியாத்தானே திரும்புது.

இவன் உங்க மடியில எப்படித் தூங்குறான் பாருங்க. புது ஆளுங்கன்னாக் கத்திக் கூப்பாடு போடுறவன்.

அக்கா, நான் ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? பகல்ல நீங்க சும்மாதானே இருப்பீங்க?